லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கும் 5000 மீற்றர் ஓட்டக்காரி: தோட்டத்தில், ஜூன் மழையில் எப்படிப் பயிற்சி செய்வது?

மழைநாள்_ஓட்டம்

எல்லாருக்கும் வணக்கம். கம்பஸில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன், 1500, 5000 மீற்றர் ஓடுகிறேன். இந்த வருஷப் போட்டிகள் முடிந்து செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீடு ஹட்டன் பக்கம், நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில். அடுத்த சீசனுக்கு இன்னும் மூன்று மாதம் அளவில் இருக்கிறது.

கோச் ஒரு தாள் தந்திருக்கிறார். கிழமைக்கு இரண்டு நாள் 400 மீற்றர் ரிப்பீட் (வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடுவது), ஒரு நாள் டெம்போ (விடாமல் ஓரளவு வேகமாக ஓடுவது), ஒரு நாள் நீண்ட ஓட்டம். எல்லாம் மைதானம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எழுதியது. இங்கே தட்டையாக இருப்பது கோயில் முன்வாசலும் தேயிலை ஸ்டோருக்கு முன்னால் லொறி திரும்பும் இடமும்தான். தோட்டத்து கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு, இப்போது முழுக்கச் சேறு.

எனக்குப் பெரிய கவலை வேகம்தான். கம்பஸில் கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிஷத்தில் இலேசாக ஓடுவேன். இங்கே அதே மூச்சில் ஓடினால் ஆறரை, ஏழு என்று காட்டுகிறது. மூன்று மாதம் இப்படி மெதுவாக ஓடிவிட்டுப் போனால் அணியில் இடம் கிடைக்குமா? 400களை எங்கே ஓடுவது? உயரத்தில் இருப்பதால் உண்மையிலேயே ஏதாவது பலன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழ்ப்பிரிவு

அக்கா, தாளில் உள்ளதை விடாதீங்க. மெயின் ரோட்டில் 400 மீற்றர் அளந்து கல் வைத்துக்கொண்டு ஓடுங்க. மற்ற நாளில் ஸ்டோர் ரோட்டில் முழு மூச்சாக ஏறுங்க. கென்யாக்காரர்கள் மலையில்தான் ஓடுகிறார்கள், நாமும் மலையில்தான் பிறந்தோம். அந்தப் பலம் கொழும்புக்காரர்களுக்குக் கிடைக்காது.

ஹட்டன்_பழைய_ஓட்டக்காரன்

தங்கச்சி, உங்கள் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏற்றத்தில் அதே மூச்சுக்கு வேகம் குறைந்துதான் வரும். ஹட்டன் டவுனே ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் 86 சதவீதம் அளவுதான். கூடவே ஈர ரோடு, வளைவு, சரிவு. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஆறரை நிமிஷம் சரியான கணக்கு.

பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த லீவு முடியும்வரை கிலோமீற்றரை விட்டுவிட்டு நிமிஷத்தைப் பாருங்கள். இன்று 40 நிமிஷம், நாளை 50 நிமிஷம். அளவுகோல் பேச்சு: பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தால் முழு வசனமாகப் பேச முடிய வேண்டும். பேச முடியாத அளவுக்கு ஏற்றம் வந்தால் நடங்கள், மேலே போய் மறுபடி ஓடுங்கள். அதுவும் பயிற்சிதான்.

400 ரிப்பீட் கெட்ட பயிற்சி இல்லை, அதற்கான காலம் இது இல்லை. அது உங்களைப் போட்டிக்குக் கூர்மையாக்கும். கூர்மை சில கிழமைகளில் வந்துவிடும், ஆனால் அதிக நாள் தங்காது. நீண்ட ஓட்டங்களால் வரும் இதயத்தின் கொள்ளளவு, தசைக்குள் சிறு இரத்தக்குழாய்களின் பெருக்கம், எலும்பு, நாணின் உறுதி எல்லாம் மாதக்கணக்கில் மெதுவாக வளர்பவை. கம்பஸ் தொடங்கினால் விரிவுரை, பரீட்சை, போட்டி என்று ஓடுவீர்கள். இவற்றை வளர்க்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் இந்த லீவு மட்டும்தான்.

நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீற்றர்க்காரர். அவரையே 22 மைல் மலைச்சுற்றில் ஓட விட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800இல் தங்கம் வென்றார். அதே நாளில் லிடியார்டின் இன்னொரு மாணவர் மரி ஹல்பெர்க் 5000இல் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் ஸ்னெலுக்கு 800, 1500 இரண்டிலும் தங்கம். அவருடைய ஒழுங்கு முதலில் நீண்ட ஓட்டம், பிறகு மலையேற்றம், கடைசியில்தான் டிராக். நீங்கள் இருக்கும் இடம் முதல் இரண்டுக்கும் எடுத்துவைத்தது போல் இருக்கிறது. மூன்றாவதைக் கோச் கம்பஸில் பார்த்துக்கொள்வார்.

கடைசிப் போட்டி முடிந்து எத்தனை நாள் ஓய்வு எடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்றால் முதலில் பத்து நாள் ஓடாமல் இருங்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே யாரும் கொழுந்து தேடிப் போவதில்லை.

மழைநாள்_ஓட்டம்

நன்றி சேர். ஓய்வு எடுக்கவில்லை. போட்டி முடிந்த மறு கிழமையே பரீட்சை, அதற்கிடையிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். காலின் முன்எலும்பில் கொஞ்சம் நோவும் இருக்கிறது. விரலால் அழுத்தினால் தெரிகிறது.

தாதி_அக்கா

அந்த நோவைப் பற்றி முதலில் பேசுவோம். எலும்பு நெடுகப் பரவலாக நோகிறதா, அல்லது ஒரே புள்ளியிலா? பரவலாக நொந்து, உடம்பு சூடேறியதும் குறைந்தால் பெரும்பாலும் ஓய்வில் ஆறும். ஒரே புள்ளியில், விரல் நுனியால் காட்டக்கூடிய மாதிரி நொந்து, இரவிலும் படுத்திருக்கும்போதும் இருந்தால் எலும்பில் நுண் வெடிப்பாக இருக்கலாம். அப்படியென்றால் ஓடவே வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், இங்கே பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஓடும் பிள்ளைகள் பலர், பயிற்சி கூடினால் அது நிற்பது வழமைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வழமை இல்லை. ஓட்டத்துக்குச் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்று உடம்பு சொல்கிறது. அந்த நிலையில் எலும்பு வலுவிழக்கும், நுண் வெடிப்புக்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

மழைநாள்_ஓட்டம்

பரவலாகத்தான் நோகிறது அக்கா, ஓடத் தொடங்கியதும் குறைகிறது. மற்றதைத் தனியாக எழுதுகிறேன்.

விஸ்கான்சின்_பனி

நான் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணியில் ஓடுகிறேன், ஊர் தலவாக்கலை. இங்கே டிராக் சீசன் ஜூனில் முடியும், கிராஸ் கன்ட்ரி (புல்வெளி, காட்டுப்பாதையில் ஓடும் போட்டி) செப்டெம்பரில் தொடங்கி நவம்பரில் முடியும். நடுவில் வரும் கோடையில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவோம். கல்லூரி விளையாட்டு விதிப்படி கோடையில் பயிற்சி செய் என்று கோச் கட்டாயப்படுத்த முடியாது, தாள் மட்டும் தருவார். இலையுதிர் காலத்தில் அணி கூடும்போது யார் கோடையில் பொறுமையாக ஓடியவர், யார் ஓடாதவர் என்று முதல் நீண்ட ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். கோடையில் டிராக்கில் வெறியாக ஓடிவிட்டு வந்தவர்களும் அக்டோபரிலேயே களைத்துப் போவார்கள். ஆகவே சேர் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு.

உயரத்தைப் பற்றிக் கீழ்ப்பிரிவு சொன்னதை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். 1997இல் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. 39 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து நான்கு கிழமை வைத்துப் பார்த்தார்கள். ஒரு குழு 2,500 மீற்றர் உயரத்தில் தங்கி, 1,250 மீற்றருக்கு இறங்கி வந்து பயிற்சி செய்தது. ஒரு குழு உயரத்திலேயே தங்கி உயரத்திலேயே ஓடியது. மற்றது தாழ்விலேயே இருந்தது. கடல்மட்டத்தில் 5000 மீற்றர் நேரம் குறைந்தது முதல் குழுவுக்கு மட்டும்தான், சராசரியாக 13 விநாடி அளவில்.

இதில் நம் ஊருக்கு என்ன செய்தி என்றால், அவர்கள் 'தாழ்வு' என்று எடுத்துக்கொண்ட 1,250 மீற்றர் ஏறக்குறைய ஹட்டன் உயரம்! உயரத்தில் தங்கினால் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் சிவப்பணு கூடும், ஆனால் அது பெரிய அளவில் நடக்க 2,000 மீற்றருக்கு மேல் கிழமைக்கணக்கில் தங்கியிருக்க வேண்டும். கென்யாவின் இட்டென் 2,400 மீற்றர் அளவில் இருக்கிறது. நம்மிடம் நுவரெலியா 1,868, ஹோர்ட்டன் சமவெளி 2,100க்கு மேல். நோர்வூட்டில் இருப்பதால் மட்டும் சிவப்பணு கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம் மலை தருவது ஏற்றமும் குளிரும். வியர்த்துக் களைக்காமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட முடிகிறதே, கொழும்பில் ஜூன் மாதம் முயன்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கீழ்ப்பிரிவு

இந்த ஆய்வு எனக்குப் புதிது, நன்றி அண்ணா. ஆனாலும் மூன்று மாதம் வேகமே தொடாமல் இருந்தால் கால் மந்தமாகாதா? 1500 ஓடுகிறவருக்குக் கடைசிச் சுற்றில் வேகம் வேண்டுமே.

ஹட்டன்_பழைய_ஓட்டக்காரன்

நியாயமான கேள்வி தம்பி. வேகத்தை முழுக்க விடச் சொல்லவில்லை. இலேசான ஓட்டம் முடிந்ததும் கிழமைக்கு இரண்டு நாள், 15 முதல் 20 விநாடி வேகமான ஓட்டம் ஆறோ எட்டோ. நடுவில் மூச்சு முழுக்கத் திரும்பும்வரை நடை. முழு வேகம் இல்லை, 1500 ஓடும் வேகம், தோள் தளர்வாக. அதற்கு ஸ்டோர் முன்னால் உள்ள இடம் போதும், லொறி இல்லாத நேரம் பார்த்து. கால் மறக்காமல் இருக்க இவ்வளவு போதும்.

ஐந்தாறு கிழமை இப்படிப் போன பிறகு மலையேற்றம். ஒரு நிமிஷத்தில் ஓடி முடிக்கக்கூடிய ஏற்றத்தைத் தேர்ந்தெடுங்கள், செங்குத்தாக வேண்டாம், முழங்கால் தூக்கி ஒழுங்காக ஓடக்கூடிய சரிவு. ஆறு முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். கிழமைக்கு ஒரு நாள் போதும். கால் தரையைத் தள்ளும் பலம் இதில்தான் வரும். ஏற்றத்தில் பாதம் விழும் அதிர்ச்சி குறைவு என்பதால் முன்எலும்பு நோவு உள்ளவருக்கு இது 400 ரிப்பீட்டை விடப் பாதுகாப்பும்கூட.

முக்கியமாக இறக்கத்தைப் பற்றி. நம் பிள்ளைகள் ஏற்றத்தில் களைத்து, இறக்கத்தில் காலை விட்டுப் பாய்கிறார்கள். காயம் அங்கேதான் வருகிறது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுகி உடம்பைத் தாங்குகிறது. அந்த வகை வேலைதான் தசை நாரை அதிகம் சிதைக்கும். இரண்டாம் நாள் படி இறங்க முடியாமல் நோவதற்குக் காரணம் அது. நல்ல செய்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் தசை அதற்கு விரைவில் இசைந்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று கிழமை செங்குத்து இறக்கங்களை நடந்தே இறங்குங்கள். பிறகு சின்ன அடி வைத்து, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் மெதுவாக ஓடுங்கள். கொங்கிரீட் போட்ட தோட்ட ரோட்டில் பாசி பிடித்திருந்தால் எந்த மாதமானாலும் நடைதான்.

ஊவாக்காற்று

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்கு எங்கள் பக்கம் சொந்தக்காரர் யாரும் இருந்தால் ஒரு இரண்டு கிழமை வந்து தங்கச் சொல்லுங்கள். தென்மேல் பருவமழை மேமாதம் தொடங்கி செப்டெம்பர்வரை உங்கள் மேற்குச் சரிவில் கொட்டுகிறது. வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் அதற்கு நேர் முகம். அந்த மேகம் நடுமலையைத் தாண்டி எங்கள் ஊவாவுக்கு வரும்போது காய்ந்துவிடுகிறது. ஜூன், ஜூலையில் எங்களுக்குக் காற்றுத்தான் தொல்லை, மழை குறைவு. உயரமும் 1,200க்கு மேல், ஹட்டன் அளவுதான். எங்களுக்கு மழை வருவது வடகீழ்க் காற்றோடு, டிசம்பர், ஜனவரியில். அப்போது நாங்கள் உங்கள் பக்கம் வருகிறோம்.

வர முடியாவிட்டாலும் ஒரு விஷயம். தட்டை ரோடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் வண்டிக்காக மலையைச் சுற்றி வெட்டிய பழைய ரோடுகளைப் பாருங்கள். அவை மேலே ஏறாமல் மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும், ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. கிரவல் என்பதால் காலுக்கும் நல்லது. பீக்கோ டிரெய்ல் என்று இப்போது வெளிநாட்டார் நடந்து திரிகிறார்களே, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை, 22 கட்டம், அதன் பெரும்பகுதி நம் ஆட்கள் கொழுந்துக் கூடையோடு நடந்த இந்த ரோடுகள்தான். நோர்வூட் பக்கமும் அது வருகிறது. உங்கள் டெம்போ ஓட்டத்துக்கு அப்படி ஒரு துண்டு கிடைத்தால் போதும்.

மழைநாள்_ஓட்டம்

ஐயோ, அந்த ரோடு எங்கள் லயத்துக்குப் பின்னாலேயே போகிறது. பாடசாலைக்கு அதில்தான் நடந்து போனேன், ஓடுவதற்கு என்று யோசித்ததே இல்லை. பெரியம்மா வீடு ஹப்புத்தளையில். அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

காலையில் எத்தனை மணிக்குப் போவது நல்லது? தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள்.

மேட்டுலயம்

நானும் பொண்ணு, மஸ்கெலியாப் பக்கம், பாடசாலைக் காலத்தில் ஓடியவள். விடியமுன் இருட்டில் போகாதீங்க. நம் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்மை, அதுவும் இருட்டும் மங்கல் வெளிச்சமும்தான் அதற்கு நேரம். நல்லா விடிந்து, பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) ஆட்கள் போகும் நேரத்தில் கிளம்புங்க. வழி நெடுக நம் அம்மாமார், அக்காமார் இருப்பார்கள். அதைவிடப் பாதுகாப்பு வேறு இல்லை. எந்த மலையில் குளவிக் கூடு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும், கேட்டுவிட்டுப் போங்க. கொழுந்து பறிக்கும் இடத்தில் குளவி கொட்டி ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நமக்குப் புதிதில்லை. கலைந்து வந்தால் கையை வீசி அடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும். நிறையக் கொட்டினால், மூச்சு இறுகினால் உடனே ஆஸ்பத்திரி.

யாராவது என்ன பொம்பளப்பிள்ளை இப்படி ஓடுது என்று முதல் கிழமை பேசுவார்கள். தினமும் அதே நேரம் அதே வழியில் போனால் பிறகு அவர்களே இன்னிக்கு ஏன் காணோம் என்று அம்மாவிடம் கேட்பார்கள்.

அட்டைக்கு: காலுறையை நீளமாகப் போட்டு, கணுக்காலைச் சுற்றிச் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துவிடுங்க. சப்பாத்து நனைந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீங்க, பசை விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பர் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றினால் மறுநாளுக்குள் முக்கால்வாசி காய்ந்துவிடும்.

ஊவாக்காற்று

இதோடு ஒன்று சேர்க்கிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், அது முதல் கட்டமான மஞ்சளாக இருந்தாலும், மண் வெட்டிய சரிவுக்குக் கீழே ஓட வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்குள் குந்தி எழும்புவது, கெண்டைக்கால் உயர்த்துவது, வயிற்றுத் தசைப் பயிற்சி போதும். ஒரு நாள் போனால் ஒன்றும் குறையாது.

தாதி_அக்கா

இரத்தத்தைப் பற்றி எழுத வந்தேன், உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால். உயரத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிவப்பணு உண்டாக இரும்புச்சத்து வேண்டும். தோட்டப்புறத்தில் பெண் பிள்ளைகளிடம் இரத்தச்சோகை நிறையப் பார்க்கிறோம். ஓடுகிற பெண்ணுக்கு மாதவிடாயிலும் போகிறது, வியர்வையிலும் கொஞ்சம் போகிறது. லீவு முடியமுன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். முடிந்தால் பெரிட்டினும். பெரிட்டின் என்பது உடம்பில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டுவது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பெரிட்டின் குறைந்திருக்கலாம், அப்போதே களைப்புத் தொடங்கிவிடும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் சோகை என்பது கடல்மட்டக் கணக்கு, நம் உயரத்தில் அந்த எல்லை இன்னும் சற்று மேலே.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இதற்கு நேர் எதிர். காலையில் ரொட்டியோடு பிளேன்டீ, மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பு, கௌபியில் உள்ள இரும்பைக் குடலில் உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்ளும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, எனக்கே அது இல்லாமல் முடியாது. சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு கொய்யா, நெல்லிக்காய், தேசிக்காய் ஏதாவது சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். நெத்தலி, முட்டை, கிடைக்கும்போது ஈரல். ஓடிவிட்டு வந்ததும் வெறும் தேத்தண்ணியோடு இருந்துவிடாமல் ரொட்டியும் கடலையும் சாப்பிடுங்கள். இரும்பு மாத்திரை மட்டும் பரிசோதனை இல்லாமல் வாங்கிப் போடவேண்டாம், கூடினாலும் கெடுதல்.

விஸ்கான்சின்_பனி

தாதி அக்கா சொல்வதை நான் சொன்ன ஆராய்ச்சிக்காரர்களும் உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். இரும்புச் சேமிப்பு குறைந்தவர்கள் உயரத்தில் போய் இருந்தும் சிவப்பணு கூடவில்லை.

தங்கச்சி, இன்னொரு ஊக்கத்துக்காக: 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றவர் நம் நாட்டு லூசியன் ரோசா. பிறகு இதே விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து கல்லூரி மாணவராக ஓடினார். நீண்ட தூரத்தில் நம்மால் முடியாது என்று யாராவது சொன்னால் அவரைச் சொல்லுங்கள்.

மழைநாள்_ஓட்டம்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படிச் செய்யப் போகிறேன்: பத்து நாள் ஓடாமல் ஓய்வு, அதற்குள் இரத்தம் பார்ப்பது. பிறகு பெரட்டு நேரத்தில் லயத்துக்குப் பின்னால் உள்ள ரோட்டில் 30 நிமிஷத்தில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது, ஞாயிறு மட்டும் நீண்ட ஓட்டம். ஜூலைக் கடைசியில் ஏற்றப் பயிற்சி. கோச்சுக்கும் அழைத்துச் சொன்னேன். தாளை மாற்றிக்கொள்ளலாம், கம்பஸ் திரும்பும்போது என்ன செய்தாய் என்று எழுதி வைத்திரு என்றார். தம்பி ஓலெவல் எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறான், சைக்கிளில் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

கடைசியாக ஒன்று. ஆடித் திருவிழாவுக்குத் தோட்டத்தில் மரதன் ஓட்டம் வைப்பார்கள். கோயிலில் இருந்து டவுன் போய்த் திரும்புவது, ஏழு எட்டு கிலோமீற்றர் வரும். ஓடச் சொல்லி இப்போதே கேட்கிறார்கள். ஓடலாமா?

ஹட்டன்_பழைய_ஓட்டக்காரன்

முன்எலும்பு நோவு முழுக்கப் போயிருந்தால் ஓடுங்கள், நம் தோட்டத்து ஆட்களுக்கு முன்னால் ஓடுவதை விடக்கூடாது. அதற்காகத் தனியாகத் தயாராக வேண்டாம், அந்தக் கிழமை ஏற்றப் பயிற்சிக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது டவுன்வரை இறக்கம் என்றால் அதில் யார் முந்தினாலும் போகட்டும், சின்ன அடியில் இறங்குங்கள். திரும்பி ஏறும்போது பிடித்துவிடலாம். மறுநாள் ஓட்டம் இல்லை, அதற்கடுத்த நாள் அரை மணித்தியாலம் இலேசாக. முடிந்ததும் கால் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.